வா என்னும் பூவும் விலகு என்னும் இலையும்: புகையிலைக் குடும்பத்தை வீட்டுத் தாழ்வாரத்தில் அறிந்துகொள்ள ஒரு முழுமையான வழிகாட்டி

வேடசந்தூர்ப் பக்கத்தில் என் தாத்தா புகையிலை பயிரிட்ட காலத்தில், செடி நெஞ்சளவு வளர்ந்து நுனியில் மொட்டுக் கட்டியவுடன், ஆட்கள் வரிசையாக நடந்து அந்த நுனியை ஒடித்து வரப்பில் எறிந்துகொண்டே போவார்கள். எறிந்த கொத்துகளில் ஓரிரண்டு பூக்கள் விரிந்திருக்கும். விரல் நீளக் குழல், அதன் வாயில் இளஞ்சிவப்பாக ஐந்து மடல்கள். அவற்றைப் பொறுக்கி விளையாடினால் கையெல்லாம் பிசின் ஒட்டிக் கறுத்துப்போகும். சீயக்காய் போட்டுத் தேய்த்தாலும் எளிதில் போகாது. இவ்வளவு அழகான பூவை ஏன் ஒடிக்கிறீர்கள் என்று கேட்டதற்கு, "பூவை விட்டா இலை தேறாதுப்பா" என்று மட்டும் தாத்தா சொன்னார். பூவுக்கும் இலைக்கும் நடுவே அந்தச் செடி போட்டுவைத்திருக்கும் நுட்பமான கணக்கு அந்த ஒரு வரிக்குள் இருந்தது என்பது, பல ஆண்டுகள் கழித்து சிங்கப்பூரின் ஈசூனில் என் வீட்டு வாசலில் தக்காளியும் பெட்டூனியாவும் வளர்க்கத் தொடங்கிய பிறகுதான் எனக்கு விளங்கியது.

இடம்விட்டு நகர முடியாத ஒரு செடிக்கு இரண்டு தேவைகள் உண்டு. மகரந்தம் சுமந்து செல்ல ஒரு பூச்சி வர வேண்டும். இலையைத் தின்ன வரும் பூச்சி விலக வேண்டும். புகையிலையின் நிலைமை இன்னும் சிக்கலானது, ஏனெனில் இரவில் அதன் பூவுக்கு வந்து தேன் குடிக்கும் அந்துப்பூச்சியே அதன் இலையடியில் முட்டையும் இட்டுவிட்டுப் போகிறது. அந்த முட்டையிலிருந்து வரும் புழு செடியை மொட்டையடிக்கிறது. விருந்தாளியும் பகையாளியும் ஒரே உயிராக இருக்கும்போது செடி என்ன செய்யும் என்பதைப் படிப்படியாகக் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ளவே இந்த வழிகாட்டி.

படி 1: செடிகளைத் தேர்ந்தெடுத்தல்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இதற்காகப் புகையிலைச் செடியை வளர்க்கச் சொல்லவில்லை. குழந்தைகளும் பூனைகளும் நடமாடும் பொதுத் தாழ்வாரத்தில் இலை, தண்டு, வேர் என்று எல்லாப் பாகங்களிலும் நிக்கோட்டின் உள்ள ஒரு செடியை வைப்பது பொறுப்பான செயலாகாது. சிங்கப்பூரில் புகையிலைப் பொருள் வாங்குவதற்கான குறைந்தபட்ச வயது 2021 ஜனவரி 1 முதல் 21 ஆக இருக்கிறது. இளையர்கள் பங்கேற்கும் ஒரு தோட்ட முயற்சிக்கு இதுவும் நினைவில் இருக்க வேண்டியது. அழகுக்காக வளர்க்கப்படும் வாசப் புகையிலை வகைகளின் விதையை வெளிநாட்டிலிருந்து தருவிக்க எண்ணுபவர்கள், எதையும் வாங்குவதற்கு முன் தேசியப் பூங்காக் கழகத்தின் இறக்குமதி விதிகளைப் படித்துவிட வேண்டும். பயணப் பெட்டியில் ஒரு பொட்டலம்தானே என்று கொண்டுவருவது நோயையும் கூடவே கொண்டுவரக்கூடும்.

புகையிலை கத்தரிக் குடும்பத்தைச் சேர்ந்தது. தக்காளி, கத்தரி, மிளகாய், உருளைக்கிழங்கு, மணத்தக்காளி, ஊமத்தை, இரவுராணி, பெட்டூனியா எல்லாம் அதன் உறவுகள். இவற்றுள் பெட்டூனியாவின் பெயரே புகையிலையிலிருந்து வந்தது. தென் அமெரிக்கப் பூர்வகுடி மக்களின் துப்பி மொழியில் புகையிலையைக் குறித்த சொல், பிரெஞ்சு வழியாக இந்தப் பூச்செடிக்கு வந்து சேர்ந்தது. எனவே வாசலில் ஒரு தக்காளி, ஒரு கத்தரி, ஒரு மிளகாய், இரண்டு பெட்டூனியா இருந்தால் போதும், புகையிலையின் குடும்ப இயல்புகளில் பெரும்பகுதியைப் பார்த்துவிடலாம். இட வசதி உள்ளவர்கள் இரவுராணியையும் சேர்த்துக்கொள்ளலாம். ஊமத்தையை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அதன் விதை உயிருக்கே ஆபத்தானது.

பெட்டூனியாவை மாலையில் போய் முகர்ந்து பார்த்து வாங்குங்கள். நிறத்துக்காகவே கலந்து உருவாக்கப்பட்ட பல வகைகளில் வாசனை போய்விட்டது. வெள்ளையிலும் அடர் ஊதாவிலும் வாசனை உள்ளவை கிடைப்பதுண்டு. பகலில் கடைக்குப் போனால் இந்த வேறுபாடு தெரியாது. காரணம் படி 5-இல் வரும்.

படி 2: இடம்

அடுக்குமாடி வீடுகளின் தாழ்வாரத்தில் தொட்டிகள் வைக்கும்போது நடைபாதை 1.2 மீட்டர் அகலத்துக்குக் குறையாமல் தடையின்றி இருக்க வேண்டும். தொட்டியின் அடித்தட்டில் தண்ணீர் தேங்கினால் ஏடிஸ் கொசு வரும், ஆகவே தட்டை எடுத்துவிடுங்கள் அல்லது அதில் மணல் நிரப்புங்கள். தக்காளிக்கும் மிளகாய்க்கும் நாளில் ஐந்தாறு மணி நேர வெயில் தேவை. பெட்டூனியா மழையில் நனைந்தால் இதழ் அழுகிவிடும், கூரை விளிம்புக்கு உள்ளே வையுங்கள்.

ஒரு பழக்கத்தை இப்போதே தொடங்குங்கள்: செடிகளைத் தொடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், வீட்டில் புகைப்பவர் இருந்தால் கட்டாயமாக. புகையிலைத் தேமல் நச்சுயிரி மிகவும் உறுதியானது. பதப்படுத்திய புகையிலையிலும் அது தாக்குப்பிடித்துக் கைவழியாகத் தக்காளிக்கும் மிளகாய்க்கும் தொற்றக்கூடும். நச்சுயிரி என்ற ஒன்று உலகில் இருப்பதை மனிதர்கள் அறிந்துகொண்டதே இந்தத் தேமல் நோயால்தான். 1892-இல் ருஷ்ய ஆய்வாளர் இவனோவ்ஸ்கி, நோயுற்ற புகையிலைச் சாற்றைப் பாக்டீரியாவும் புக முடியாத வடிகட்டியில் வடித்த பின்னரும் அது நோயைப் பரப்புவதைக் கண்டார். 1898-இல் டச்சு ஆய்வாளர் பெய்ஜரிங்க் இது புதுவகைத் தொற்று என்று முடிவுகட்டினார்.

படி 3: இலையின் முடிகளைப் பார்த்தல்

பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்சு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். முப்பது மடங்கு காட்டும் சட்டைப்பை நுண்ணோக்கி கிடைத்தால் இன்னும் நல்லது. காலை வெளிச்சத்தில் தக்காளியின் இளந்தண்டைப் பக்கவாட்டில் பாருங்கள். நீண்டு கூர்மையாக நிற்கும் முடிகளுக்கு நடுவே, குண்டூசி போலத் தலை உருண்ட குட்டை முடிகள் தெரியும். அவை சுரப்பு முடிகள். ஒரு வகைத் தலையில் நான்கு உயிரணுக்கள் நாலிதழ்ப் பூப்போலச் சேர்ந்திருக்கும். பூச்சியின் கால் பட்டால் தலை உடைந்து சாறு கொட்டும்.

இப்போது விரலால் தண்டை மேலிருந்து கீழாக மூன்று முறை தடவி, முகர்ந்து பாருங்கள். தக்காளிப் பழத்தில் வராத, கசப்பும் காட்டமும் கலந்த அந்தப் பச்சை வாசனைதான் செடியின் முதல் அரண். விரலில் மஞ்சள் கலந்த பச்சைக் கறை படிந்திருக்கும். கைகழுவும்போது சோப்பு நுரையும் மஞ்சளாகும். என் தாத்தாவின் வயலில் கையைக் கறுக்கச் செய்த பிசின் இதே குடும்பச் சொத்துதான், அளவில் பன்மடங்கு அதிகம்.

அடுத்து ஒவ்வொரு செடியாக ஒப்பிடுங்கள். கத்தரி இலையின் அடியில் முடிகள் நட்சத்திர வடிவில் கிளைத்திருக்கும், கம்பளிபோல மெத்தென்றிருக்கும். மிளகாய் இலை ஏறக்குறைய வழவழப்பு. அந்தச் செடி தன் காப்பின் பெரும் பங்கைக் காயினுள் விதையைத் தாங்கும் வெள்ளைத் தசையில் காரமாக வைத்திருக்கிறது. காரம் பாலூட்டிகளுக்கு உறைக்கும், விதை பரப்பும் பறவைகளுக்கு உறைக்காது. பெட்டூனியாவின் மொட்டையும் புல்லிவட்டத்தையும் தொட்டால் விரல் ஒட்டிக்கொள்ளும்; லென்சில் பார்த்தால் வெள்ளை ஈ, சிறு கொசு போன்றவை அங்கே சிக்கிக் காய்ந்திருப்பதைக் காணலாம். இந்தக் காட்சியில் நிதானமாகச் சில நிமிடங்கள் செலவிடுங்கள். பூவின் வாசலுக்கு ஓரங்குலம் கீழே இப்படி ஒரு பொறி இருக்கிறது. பறந்து வருபவருக்கு வழி திறந்திருக்கிறது, நடந்து ஏறி வருபவருக்கு இல்லை.

இந்தப் பசைத்தன்மை புகையிலை இனத்தில் எந்த எல்லைவரை போகும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு: மேற்கு ஆஸ்திரேலியாவில், லாரிகள் நிற்கும் ஒரு நெடுஞ்சாலை ஓய்விடத்தில் சேகரித்த விதையிலிருந்து வளர்ந்த காட்டுப் புகையிலை ஒன்று 2021-இல் புதிய இனமாக விவரிக்கப்பட்டது. பசுமைக்கூடத்திலும் பூச்சிகளைத் தன் முடிகளில் ஒட்டவைத்துக் கொன்றதால், அதற்குப் பூச்சிக்கொல்லி என்ற பொருள்படும் நிக்கோட்டியானா இன்செக்டிசிடா என்று பெயர் வைத்தார்கள்.

படி 4: பூவைப் பிரித்துப் பார்த்தல்

வாடத் தொடங்கும் பெட்டூனியாப் பூ ஒன்றை எடுத்து, சவர அலகால் குழலை நீளவாக்கில் வகிர்ந்து, வெள்ளைத் தட்டில் விரியுங்கள். சிறுவர்கள் செய்வதாக இருந்தால் அலகைப் பெரியவர்கள் கையாள வேண்டும். ஐந்து அல்லிகள் ஒட்டிக் குழலாகியிருக்கும். ஐந்து மகரந்தத் தாள்கள் குழலின் உட்சுவரோடு பாதி ஒட்டியிருக்கும். நடுவே ஒற்றைச் சூலகத் தண்டு, நுனியில் பசை மினுங்கும் பச்சைச் சூல்முடி. அடியில் தேன் துளி. புகையிலைப் பூவின் அமைப்பும் இதுவேதான், குழல் மட்டும் ஒடுங்கி நீண்டிருக்கும்.

குழலின் நீளத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். யார் வர வேண்டும் என்பதை நீளமே சொல்லிவிடும். பயிரிடப்படும் புகையிலையின் குழல் 4 முதல் 5 சென்டிமீட்டர் இருக்கும். அதன் தாய்வழி மூதாதையான நிக்கோட்டியானா சில்வெஸ்ட்ரிஸ் என்னும் வெள்ளைப் பூ இனத்தில் ஏறத்தாழ 8 சென்டிமீட்டர். நீண்ட உறிஞ்சுகுழல் கொண்ட பருந்து அந்துப்பூச்சி அந்தரத்தில் நின்றபடியே அந்தத் தேனை எட்டும். குட்டை நாக்குள்ள தேனீக்கு எட்டாது. நாட்டுப் புகையிலை என்ற நிக்கோட்டியானா ரஸ்டிக்காவின் பூ மஞ்சள் கலந்த பச்சையாக, ஒன்றரை சென்டிமீட்டர் அளவில் குட்டையாக இருக்கும்.

புகையிலையின் காய் ஒரு சிறு உலர்கனி. அதனுள் இருக்கும் விதைகள் தூள் போன்றவை. ஒரு கிராம் எடையில் 10,000-க்கும் மேற்பட்டவை அடங்கும். நாற்றங்காலில் தாத்தா விதையை மணலோடு கலந்து தூவியது இதனால்தான்.

படி 5: ஏழு மணிக்குப் பிறகு

சிங்கப்பூரில் இதைச் செய்வதில் ஒரு வசதி உண்டு. நிலநடுக்கோட்டுக்கு மிக அருகில் இருப்பதால், ஆண்டு முழுவதும் சூரியன் ஏழு மணியை ஒட்டியே மறைகிறது. பருவத்துக்குப் பருவம் நேரத்தை மாற்ற வேண்டியதில்லை.

காலை ஒன்பது மணி, மாலை ஐந்து மணி, இரவு ஏழரை, ஒன்பது ஆகிய நான்கு நேரங்களில் ஒரே பெட்டூனியாப் பூவை முகருங்கள். வாசனையைத் தேக்கிப் பார்க்க விரும்பினால், பூவின்மேல் சுத்தமான கண்ணாடிக் குவளையைப் பத்து நிமிடம் கவிழ்த்துவைத்து, பிறகு குவளையை முகரலாம். பூஜ்யம் முதல் ஐந்து வரை மதிப்பெண் போடுங்கள். வீட்டில் இன்னொருவரும் தனியாக மதிப்பெண் போடட்டும். பூ பகலெல்லாம் திறந்தே இருந்தாலும் வாசனை இருட்டிய பிறகே எழுவதைக் காண்பீர்கள். செடிக்குள் ஓடும் நாட்கடிகாரம் அதை நடத்துகிறது. மெத்தில் பென்சோயேட் போன்ற பொருள்கள் மாலையில்தான் பெருமளவில் வெளியாகின்றன. வாசனைப் பொருளைச் செய்யக் கரிமமும் ஆற்றலும் செலவாகும். வராத விருந்தாளிக்குப் பகலில் இலை போடுவதில்லை என்ற சிக்கனம் இது.

காட்டுப் புகையிலை ஒன்றில் இந்தச் சிக்கனம் எவ்வளவு நுட்பமாகிறது என்பதை ஜெர்மனியின் யேனா நகரிலுள்ள மாக்ஸ் பிளாங்க் வேதிச் சூழலியல் கழகத்தில் இயன் பால்ட்வின் தலைமையிலான குழு அமெரிக்காவின் யூட்டா மாநிலப் பாலைநிலத்தில் பல ஆண்டுகள் ஆராய்ந்தது. நிக்கோட்டியானா அட்டெனுவாட்டா என்னும் இந்த இனம், காட்டுத்தீ ஓய்ந்த நிலத்தில் புகையின் தூண்டுதலால் முளைக்கிறது. அதன் வெள்ளைப் பூ இரவில் பென்சைல் அசிட்டோன் என்ற வாசனையை வீசுகிறது. அதே பூவின் தேனில் சிறிதளவு நிக்கோட்டினும் கலந்திருக்கிறது. அழைப்பதற்கு ஒன்று, அதிகம் குடிக்காதே என்பதற்கு ஒன்று. 2008-இல் வெளியான ஆய்வில், வாசனை இல்லாத செடி, நிக்கோட்டின் இல்லாத செடி, இரண்டும் இல்லாத செடி என்று மரபணு மாற்றி உருவாக்கி வயலில் நட்டுப் பார்த்தார்கள். வாசனை இல்லாவிட்டால் வருகை குறைந்தது. நிக்கோட்டின் இல்லாவிட்டால் வந்தவர்கள் ஒரே பூவில் தங்கித் தேனை வழித்துக் குடித்தார்கள், தேன் திருடர்களும் கூடினார்கள். இரண்டும் சேர்ந்திருந்தபோதுதான் பூச்சியும் பறவையும் ஒரு மிடறு குடித்து அடுத்த பூவுக்கு நகர்ந்தன. அதனால் மகரந்தம் செடிவிட்டுச் செடி போனது. விஷம் கலந்த தேன் என்று கேட்டவுடன் கொடுமையாகத் தோன்றும். எனக்கோ அது பந்தியில் எல்லோருக்கும் கிடைக்க வேண்டும் என்று அளந்து பரிமாறும் கைபோலத் தோன்றுகிறது.

இதைவிட வியப்பான ஒன்று 2010-இல் தெரியவந்தது. அந்துப்பூச்சியின் புழுக்கள் இலையைத் தின்னத் தொடங்கிய சில நாட்களில், அதே செடி தன் புதிய பூக்களில் ஒரு பகுதியை இரவில் விரிக்காமல் விடியலில் விரிக்கிறது. பென்சைல் அசிட்டோன் வாசனையையும் அவற்றில் குறைத்துவிடுகிறது. காலையில் வருவது ஓசனிச்சிட்டு (ஹம்மிங்பேர்ட்) என்னும் பறவை. அது மகரந்தம் சுமக்கும், முட்டை இடாது, புழுவாக மாறி இலையைத் தின்னாது. விருந்தாளியே பகையாளியாகும் சிக்கலுக்குச் செடி கண்ட விடை, விருந்தாளியை மாற்றுவது. நம் ஊரில் ஓசனிச்சிட்டு இல்லை; ஆனால் தாழ்வாரத்துப் பூக்களுக்குக் காலையில் வரும் தேன்சிட்டைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு யூட்டாவின் அந்த விடியற்பூ நினைவுக்கு வருகிறது.

படி 6: வேரிலிருந்து இலைக்கு

நிக்கோட்டின் இலையில் இருக்கிறது, ஆனால் இலையில் உருவாவதில்லை. 1940களில் ரே டாசன் என்ற அமெரிக்க ஆய்வாளர் இதை எளிய ஒட்டுக்கட்டும் முறையால் காட்டினார். புகையிலை வேரின்மேல் தக்காளித் தண்டை ஒட்டினால் தக்காளி இலையில் நிக்கோட்டின் சேர்ந்தது. தக்காளி வேரின்மேல் புகையிலையை ஒட்டினால் புகையிலை இலையில் அது ஏறக்குறைய இல்லாமல் போனது. பட்டறை வேரில் இருக்கிறது, சரக்கு நீர்க்குழாய் வழியே இலைக்கு ஏறுகிறது.

அந்தக் குழாயை வீட்டிலேயே பார்க்கலாம். காசித்தும்பைத் தண்டு ஒன்றை வெட்டி, கேசரிப் பவுடர் அடர்த்தியாகக் கரைத்த தண்ணீரில் நிறுத்துங்கள். சிறிது நேரத்தில் கண்ணாடி போன்ற அந்தத் தண்டினுள் செந்நிறக் கோடுகள் மேலேறும். புகையிலையில் நிக்கோட்டின் போகும் வழியும் இத்தகைய குழாய்தான்.

இனி, இலை கடிபட்டால் வேருக்கு எப்படித் தெரிகிறது? கடித்த இடத்தில் ஜாஸ்மோனிக் அமிலம் என்னும் சமிக்ஞைப் பொருள் விரைவாகப் பெருகுகிறது. செய்தி வேருக்கு இறங்கி, வேர் நிக்கோட்டின் உற்பத்தியைக் கூட்டி, அது இலைகளில் சேர்வதற்குச் சில நாட்கள் ஆகின்றன. இந்தப் பொருளின் பெயர் மல்லிகையிலிருந்து வந்தது. சிராங்கூன் சாலைப் பூக்கடைகளில் சரம் சரமாகத் தொங்கும் ஜாதிமல்லி என்கிற பிச்சிப்பூவின் நறுமண எண்ணெயிலிருந்து 1962-இல் மெத்தில் ஜாஸ்மோனேட் பிரித்தெடுக்கப்பட்டது. நாம் கூந்தலில் சூடும் பூவாசனையின் ஒரு கூறு, செடிகளின் உலகில் அபாய மணியின் உறவு. 1990-இல் ஓர் ஆய்வில், இந்த வாசனைப் பொருளை வெளியிடும் பாலைநிலப் புதர் ஒன்றின் கிளையைத் தக்காளிச் செடியுடன் ஒரே மூடிய அறையில் வைத்தபோது, யாரும் தொடாத தக்காளி இலைகளிலும் பூச்சியின் செரிமானத்தைக் கெடுக்கும் புரதங்கள் உருவாயின.

நிக்கோட்டின் மூலக்கூறில் பத்துக் கரிம அணுக்கள், பதினான்கு ஹைட்ரஜன், இரண்டு நைட்ரஜன். எடையில் 17 விழுக்காடு நைட்ரஜன் என்பது செடிக்குப் பெரிய செலவு, ஏனெனில் அதே நைட்ரஜனை வைத்துத்தான் அது விதைக்கும் இலைக்கும் புரதம் செய்ய வேண்டும். தாத்தாவின் வரிக்கு இங்கே விளக்கம் கிடைக்கிறது. நுனிப்பூவை ஒடித்தால் விதைக்குப் போக வேண்டிய சத்து இலைக்குத் திரும்புகிறது. நுனிமொட்டிலிருந்து இறங்கும் வளர்ச்சிச் சமிக்ஞை நிற்பதாலும், ஒடித்த காயத்தாலும் வேர் விழித்துக்கொண்டு நிக்கோட்டினைக் கூடுதலாகச் செய்து மேலே அனுப்புகிறது. இலை தடித்துக் காரமேறுகிறது. விவசாயி செய்வது ஒரு பெரிய புழுவின் வேலை என்று சொன்னால் தாத்தா சிரித்திருப்பார், ஒத்துக்கொண்டும் இருப்பார்.

பூச்சியின் உடலில் நிக்கோட்டின் செய்யும் வேலை, நரம்புகளுக்கிடையே செய்தி சுமக்கும் அசிட்டைல்கோலின் என்ற பொருளின் இடத்தைப் பிடித்துக்கொள்வது. செய்தி ஓயாமல் அடித்துக்கொண்டே இருக்க, பூச்சி நடுங்கிச் செயலிழக்கிறது. நம் நரம்புகளும் அதே பொருளைப் பயன்படுத்துவதால்தான் புகையிலை மனிதரையும் பிடித்துக்கொள்கிறது. கத்தரியிலும் தக்காளியிலும் மிகச் சிறிய அளவில் நிக்கோட்டின் உண்டு. அது நம் சமையலுக்கு ஒரு பொருட்டே அல்ல, பயப்பட வேண்டாம்.

படி 7: புழு வந்த பிறகு

கத்தரி இலையின் அடியில் பழுப்பு நிறப் பஞ்சு ஒட்டியதுபோலத் தெரிந்தால், அது புகையிலை வெட்டுப்புழுவின் முட்டைக் கூட்டமாக இருக்கலாம். தாய் அந்துப்பூச்சி தன் வயிற்று முடியால் முட்டைகளைப் போர்த்தியிருக்கும். உடனே நசுக்காமல் ஓர் இலையை மட்டும் காம்போடு கத்தரித்து, துணியால் மூடிய கண்ணாடிப் புட்டியில் வைத்துக் கவனியுங்கள். முட்டையிலிருந்து வெளிவந்த புழுக்கள் முதலில் கூட்டமாக இலையின் பச்சையைச் சுரண்டி, சல்லடைபோல நரம்பை மிச்சம் வைக்கும். வளர்ந்த பிறகு பிரிந்து இரவில் மேயும்.

கடிபட்ட இலையருகே முகர்ந்தால் புல்வெட்டிய வாசனை வரும். யூட்டாப் புகையிலையில் அந்தப் பச்சை வாசனையே உதவிக்கான அழைப்பாகிறது. பருந்து அந்துப்பூச்சியின் புழுவான கொம்புப்புழுவின் எச்சில் பட்டவுடன் அவ்வாசனைப் பொருள்களின் வடிவம் சற்றே மாறுகிறது. மாறிய வாசனையை மோப்பம் பிடித்துப் பெருங்கண் நாவாய்ப்பூச்சி என்ற கொன்றுண்ணி வந்து முட்டைகளையும் குஞ்சுப்புழுக்களையும் உறிஞ்சிவிடுகிறது. புழு தன் எச்சிலாலேயே தன்னைக் காட்டிக்கொடுக்கிறது. அதேபோல், குஞ்சுப்புழு பிறந்தவுடன் தின்னும் முதல் உணவு சுரப்பு முடிகளின் இனிப்புப் பசை. அதைத் தின்ற புழுவின் உடலிலும் கழிவிலும் ஒரு வாசனை ஏறுகிறது, அதைத் தொடர்ந்து எறும்புகள் வருகின்றன.

ஆயினும் கொம்புப்புழு எளிய எதிரி அல்ல. மற்றப் பூச்சிகளைக் கொல்லும் அளவு நிக்கோட்டினை அது தின்று தாங்குகிறது. பெரும்பகுதியைக் கழித்துவிட்டு, சிறு பகுதியை மூச்சுத் துளைகள் வழியே வெளியிடுகிறது. அந்த மூச்சின் வாசனைக்கு ஓநாய்ச் சிலந்தி பின்வாங்குவதை 2014-இல் வெளியான ஆய்வு காட்டியது. செடி செய்த ஆயுதத்தைப் புழு கேடயமாக்கிக்கொண்டது. இதனால்தான் செடி நிக்கோட்டினை மட்டும் நம்பியிருக்காமல், செரிமானத்தைக் கெடுக்கும் புரதங்கள், முடிகள், வாசனை அழைப்புகள் என்று பலவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்திருக்கிறது.

உங்கள் தாழ்வாரத்தில் யார் வருகிறார்கள் என்று ஒரு வாரம் பாருங்கள். தாவும் சிலந்தி, குளவி, கீழே மரங்கள் இருந்தால் செம்முயிறு என்னும் சிவப்பு எறும்பு. முயிறு கடித்தால் வலிக்கும், குழந்தைகளைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். கவனித்து முடித்ததும் புழுக்களைக் கையால் பொறுக்கி எடுத்துவிடலாம்.

படி 8: புகையிலைக் கஷாயம் வேண்டாம்

மாவுப்பூச்சிக்குப் புகையிலையை ஊறவைத்த தண்ணீரைத் தெளிக்கலாம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். நம் ஊர்களில் அது பழைய கைமருந்து. மேல்நாடுகளிலும் நிக்கோட்டின் சல்பேட் கரைசலைப் பல பத்தாண்டுகள் பூச்சிமருந்தாக விற்றார்கள். அடுக்குமாடி வீட்டில் அதைச் செய்யாதீர்கள். நிக்கோட்டின் தோல் வழியாகவே உடலுக்குள் போகும். பனியில் நனைந்த புகையிலையை ஒடிக்கும் தொழிலாளர்களுக்குத் தலைசுற்றலும் வாந்தியும் வருவது பச்சைப் புகையிலை நோய் என்று மருத்துவத்தில் பதிவான ஒன்று. என் பெரியம்மா ஒருமுறை மழைக்கு மறுநாள் ஒடிப்புக்குப் போய்விட்டு வந்து, மாலைவரை வரப்பிலேயே படுத்துக் கிடந்தார்; வெயில் தாக்கியது என்றே அன்று எல்லோரும் நினைத்தோம். தெளித்த கரைசல் காற்றில் பக்கத்து வீட்டு வாசலுக்கும் போகும், கறிவேப்பிலையிலும் தக்காளியிலும் தங்கும், நன்மை செய்யும் சிலந்தியையும் தேனீயையும் கொல்லும். குட்கா, கைனி, சர்தா போன்றவை சிங்கப்பூரில் 2016 ஆகஸ்ட் 1 முதல் தடைசெய்யப்பட்டவை என்பதையும் மறவாதீர்கள். மாவுப்பூச்சிக்குச் சோப்புத் தண்ணீரில் நனைத்த பஞ்சும் பொறுமையும் போதும்.

படி 9: குறிப்பேடு

தேதி, நேரம், மழை உண்டா, எந்தச் செடி, முடிகளில் சிக்கியவை எத்தனை, வாசனை மதிப்பெண், இலையில் புதிய துளைகள், வந்து போன உயிர்கள் ஆகியவற்றைத் தினமும் ஒரே வரியில் எழுதுங்கள். இரண்டு மாதம் தொடர்ந்தால், வாசனை உச்சத்தில் இருக்கும் நேரமும் அந்துப்பூச்சிகள் வரும் நேரமும் எவ்வளவு பொருந்துகின்றன என்பது உங்கள் எழுத்திலிருந்தே தெரியும். பூமலை என்னும் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவுக்குப் போகும் நாட்களில் நீண்ட குழல் கொண்ட வெள்ளைப் பூக்களைத் தேடி, அவற்றின் அளவையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

என் குறிப்பேட்டில் ஒரு மார்ச் மாத மாலையின் வரி இப்படி இருக்கிறது: "7.40. மழை இல்லை. வெள்ளைப் பெட்டூனியா, வாசனை 4. பழுப்பு அந்து ஒன்று, மூன்று பூக்களில் குடித்தது." அதற்கு மூன்று நாள் கழித்து: "காலை. கத்தரி, கீழிருந்து நாலாவது இலையின் அடியில் முட்டைக் கூட்டம், பழுப்புப் பஞ்சு மூடியது." அது அதே அந்துதானா என்பதற்கு என்னிடம் சான்று இல்லை. இரண்டு வரிகளுக்கும் இடையே பென்சிலால் ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் கேள்விக்குறி போட்டு வைத்திருக்கிறேன்.